பூட்டி வைத்தது கெடாது

எங்கள் எஸ்டேட் ஆபீசில் ஒரு முதலுதவிப் பெட்டி இருந்தது. இருந்ததாகக் கேள்வி. அது பெரிய கிராணியாரின், அதாவது தலைமைக் குமாஸ்தாவின், அறையில், இரும்பு அலமாரிக்குள், பூட்டுக்குப் பின்னால் இருந்தது. ஃபேக்டரியில் வேலை செய்த முனியாண்டி ஒருநாள் தகரத்தில் கையைக் கிழித்துக்கொண்டு ரத்தம் சொட்ட ஓடி வந்தபோது கிராணியார் பேங்கு வேலையாகத் தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது. என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டி, முனியாண்டியை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்த கிராணியார் முனியாண்டியின் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"அலமாரி கைப்பிடிய யாரு இழுத்துப் பாத்தது? லூசா இருக்கு" என்று கேட்டார்.

இதுதான் அந்த மனிதர். மற்றதெல்லாம் இதையே வேறு வேறு விதமாகச் சொல்வதுதான். ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். போய்ச் சேர்ந்தவர் என்ற மரியாதைக்காக அல்ல. ஆள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஈப்போவில் மகன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார். கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறும் சாலையில் பிரிந்து போகும் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அதன் ஆபீசில் அவர் பெரிய கிராணி, புவனாவாகிய நான் சின்ன கிராணி. ஆபீஸ் என்றால் நாங்கள் இருவரும், ஒரு தண்ணீர்க் குழாயும், துரையின் அறையும்தான். மேனேஜரை இன்றைக்கும் எங்கள் பக்கம் துரை என்றுதான் சொல்வது. வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமானாலும் பட்டம் போகவில்லை.

அவர் திருடன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கம்பெனிக் காசில் ஒரு சென் தொட்டதில்லை. திருடனாக இருந்திருந்தால் ஒரு வகையில் தேவலாம். திருடன் எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது பயன்படுத்துவான். இவர் எடுத்து உள்ளே வைப்பார். அவ்வளவுதான், அந்தப் பொருளுக்குக் காரியம் முடிந்தது. "பூட்டி வச்சது கெடாது" என்பது அவர் வாயில் நாளைக்கு நாலு தரம் வரும். கேமரன் மலையின் ஈரத்தில், செருப்பிலேயே பூஞ்சை பூக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் இப்படிப் பேசுகிறார்.

ஒரு வருஷம் தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கச் சொல்லித் தலைமை ஆபீஸ் பிஸ்கட் டின்கள் அனுப்பியது. சீக்கிரம் கொடுத்தால் தீபாவளிக்கு முன்னாலேயே தின்று தீர்த்துவிடுவார்கள் என்று உள்ளே வைத்தார். தீபாவளிக்கு முதல் நாள் ஒருத்தர் இரண்டு டின் வாங்கிவிடக்கூடும் என்று சந்தேகப்பட்டு, யார் யாருக்கு என்று சரிபார்க்க ஆரம்பித்தார். சரிபார்த்து முடித்தபோது தைப்பூசம் வந்துவிட்டது. டின்னைத் திறந்தால் பிஸ்கட்டுக்குப் பச்சையாக மீசை முளைத்திருந்தது. அதற்கும் மனுஷர் அசரவில்லை. "டின்னு நல்லா இருக்குல்ல" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியோடு எட்டு மணி நேரம் ஒரே கூரைக்கடியில் இருந்து பாருங்கள், தெரியும்.

பிறகு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன, மெயில் வந்தது. மனிதருக்குத் தூக்கம் போயிற்று. கடிதம் என்றால் கையில் பிடித்து உள்ளே வைக்கலாம். மெயிலை எந்த அலமாரியில் வைப்பது? சின்ன கிராணியின் கம்ப்யூட்டரில் கம்பெனியின் கடிதப் போக்குவரத்து கிடக்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது. தானா ராத்தாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சீனரை வரவழைத்தார். ஃபைல்களைப் பொதுவாகச் சேமித்து வைக்க ஒரு பெட்டி வாங்கித் தன் அறையில், அலமாரிக்கு மேலேயே வைத்துக்கொண்டார். வயர் வழியாக எங்கள் கம்ப்யூட்டர்கள் அந்தப் பெட்டியோடு பேசும். நெட்வொர்க் டிரைவ் என்பது அதற்குப் பெயர். அவர் அதை "நம்ம அலமாரி" என்றுதான் சொல்வார்.

அந்தச் சீனர் நல்ல மனிதர். மலாயில்தான் பேசுவார், பொறுமையாக விளக்கினார். பெட்டியில் கணக்கு, படம், கடிதம் எல்லாம் வைக்கலாம். மெயில் ஃபைலை மட்டும் அதில் வைத்து ஓட்டாதீர்கள். அது நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் ஃபைல், நிமிஷத்துக்கு நிமிஷம் அதில் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் வயரோ கரண்டோ போனால் பாதி எழுதிய நிலையில் நின்று உடைந்துவிடும். அவரவர் கம்ப்யூட்டரில் மெயில் இருக்கட்டும், சாயங்காலம் மூடிய பிறகு ஒரு நகல் மட்டும் பெட்டிக்கு வரட்டும் என்றார். கிராணியாருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், "அங்கிள், அடுப்புல சோறு வேகும்போது பானையத் தூக்கி அடுத்த வீட்டுல வச்சு ஆக்குவாங்களா?" என்று கேட்டார்.

கிராணியார் தலையை ஆட்டினார். சீனர் காரில் ஏறிப் போனதும் என் பக்கம் திரும்பினார். "கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நகல் எடுத்து வச்சா ரெண்டு இடத்துல இருக்கும். ரெண்டு இடத்துல இருந்தா ரெண்டு இடத்துல தொலையும்" என்றார். ஆபீஸ் மெயில் முழுவதும், இருந்த ஒரே பிரதி, அவர் அறைப் பெட்டிக்குப் போயிற்று. மெயில் வந்து சேரும் சர்வரில்கூட ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது, இறங்கியதும் அழிந்துவிட வேண்டும் என்று உத்தரவு. சொன்னபடி செய்தோம்.

அன்றிலிருந்து காலையில் மெயிலைத் திறந்துவிட்டு நான் போய்த் தேத்தண்ணி கலக்கிக் குடித்துவிட்டு வருவேன், அதற்குள் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். அவர் தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வைத்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு ஃபேக்டரிப் பக்கம் போய்விட்டால், எனக்குத் திறக்கவே திறக்காது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அவசரம் என்று தலைமை ஆபீஸ் அனுப்பிய மெயிலை அவர் மத்தியானம் சாப்பிட்டு வந்து பல்லைக் குத்திக்கொண்டே எனக்குக் காட்டியிருக்கிறார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அவருக்கு இடி என்றால் பயம். எந்தக் காலத்திலோ ஒரு மின்னலில் ஆபீஸ் ஃபேக்ஸ் மிஷின் கருகிப் போனதாம். அதிலிருந்து, வானம் உறுமினால் போதும், நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். எங்கள் மலையில் மத்தியான மழையும் இடியும் எப்போதாவது வருகிற விருந்தாளியா? பாதி நாள் அதே கதைதான். திறந்திருந்த மெயில் திறந்தபடியே சாகும். மறுநாள் ரிப்பேர் என்று ஏதோ ஓடி, கொஞ்சம் மெயிலைத் தின்றுவிட்டு மீதியைக் கொடுக்கும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றைச் சீனர் வற்புறுத்தி வாங்க வைத்தார். அது எங்கே இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா? அலமாரிக்குள், பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல். "வெளிய வச்சா இடியில கெட்டுப் போயிரும்மா" என்றார். நான் அப்போதே ராஜினாமா எழுதியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அஞ்சலை அக்கா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் புருஷன் எங்கள் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். கொழுந்து ஏற்றிக்கொண்டு வரும்போது வளைவில் லோரி புரண்டு இறந்துபோனார். அப்போதிருந்த பழைய துரை மனசுள்ளவர். வேலையில் இறந்தவனின் பெண்டாட்டி, இவரும் கொழுந்து பறித்தே உடம்பு தேய்ந்தவர், கடைசி வரை தொழிலாளர் லயத்து வீட்டிலேயே இருக்கட்டும் என்று தலைமை ஆபீசுக்கு எழுதி அனுமதி வாங்கினார். அனுமதி மெயிலில் வந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னவர் வேறு யாருமில்லை, பெரிய கிராணியார்தான். அந்த வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அக்கா விவரமானவர். "ஐயா, அத ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடுத்தீங்கன்னா நான் வச்சுக்குவேன்" என்று கேட்டிருக்கிறார்.

"உன்கிட்ட குடுத்தா நீ தொலைச்சுருவ. என்கிட்ட பத்திரமா இருக்கு, போ."

பழைய துரை மாரடைப்பில் போய்விட்டார். புது துரை வந்தார். சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தமிழர், சின்ன வயசு, கெட்டவர் இல்லை. நேப்பாளத்திலிருந்து புது ஆட்கள் வரப் போகிறார்கள், வீடு வேண்டும். வேலையில் இல்லாதவர்கள் மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் போனது. அஞ்சலை அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். மகளோடு பிரிஞ்சாங் டவுனில் ஒரு அறையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான், அந்த அறைக்கும் ஏற்கெனவே மூன்று பேர். இருந்தும் அவர் முகத்தில் பயம் இல்லை. எழுத்தில் வந்த வாக்குறுதி கிராணியாரிடம் இருக்கிறதே.

"அந்த மெயில எடுத்துக் குடுங்கய்யா, புது துரைகிட்ட காட்டிக்கிறேன்" என்றார்.

துரையும் நியாயமாகத்தான் பேசினார். "அப்படி ஒண்ணு இருந்தா காட்டுங்க. நான் அந்த வீட்டத் தொட மாட்டேன்."

மத்தியானம். என் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னார் கிராணியார். பின்னால் வந்து நின்றுகொண்டார். மெயில் அவர் அறைப் பெட்டியிலிருந்து வயர் வழியாக ஊர்ந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் மலையை மூடிக்கொண்டிருந்தது. நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் வந்துவிட்டது. அக்காவின் புருஷன் பெயர், வீட்டு எண், குடியிருக்க அனுமதி என்ற தலைப்பு. "இதான்மா, இதேதான்" என்று என் தோளுக்கு மேல் விரலை நீட்டினார். நான் அதைத் திறக்கத் தட்டினேன். திறந்துகொண்டிருந்தது.

இடி இடித்தது.

"ஐயா, வேணாம், ஒரு நிமிஷம்" என்று நான் கத்தியது அவர் முதுகில்தான் விழுந்தது. மெயின் சுவிட்ச் இறங்கிய சத்தம் கேட்டது. என் திரை கறுத்தது.

மழை விட்டதும் கரண்டைப் போட்டோம். மெயில் ஃபைல் திறக்கவில்லை. ரிப்பேர் ஓடவில்லை. சீனரைக் கூப்பிட்டோம், அவர் அந்தி வரை உட்கார்ந்து மல்லுக்கட்டினார். கொஞ்சம் மீட்டார். ஒன்றின் தலைப்பில் இன்னொன்றின் வயிறு இருந்தது, பாதி வெறும் வெள்ளையாக இருந்தது. அக்காவின் மெயில் அதில் இல்லை. சீனர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார், தான் முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. பெரிய மனுஷன் அவர்.

மறுநாள் துரையின் அறையில் அஞ்சலை அக்கா, கிராணியார், நான். துரை கேட்டார். "ஐயா, நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்க. நீங்க சொன்னா எனக்குப் போதும். அப்படி ஒரு மெயில் வந்துச்சா?"

போதும் என்று சொல்லிவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, வீடு தப்பித்தது. முந்திய நாள்தான் விரலை நீட்டிக் காட்டியவர். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்" என்றார் பெரிய கிராணியார்.

"நேத்து நாங்க ரெண்டு பேரும் பாத்தோம் சார்" என்றேன்.

"புவனா தலைப்பத்தான் பாத்துச்சு. உள்ள அனுமதின்னு இருந்துச்சா, இல்லன்னு இருந்துச்சா, யாருக்குத் தெரியும்?"

அஞ்சலை அக்கா அவரையே பார்த்தார். "ஐயா, நீங்கதான வந்து சொன்னீங்க? எங்க வாசல்ல நின்னு?"

"பழைய துரை ஏதோ வாய் வார்த்தையா சொன்னாரு, அதச் சொல்லியிருப்பேன்."

துரை பேனாவை மூடினார். "தலைப்ப வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு" என்றார். அக்கா எழுந்து போனார். லயத்தில் அன்று சாயங்காலமே அவர் கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிரிஞ்சாங் அறையில் கோழிக்கு ஏது இடம்?

வெளியே வந்ததும் நான் அவரை விடவில்லை. "ஏன்யா அப்படிச் சொன்னீங்க? ஒரு வார்த்தை கேட்டாரு, சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒரு விவரமில்லாத பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னார். "மெயில் வந்துச்சுன்னு சொன்னா, எங்கன்னு கேப்பாங்கம்மா."

நான் அந்த மனிதரைப் பல வருஷம் சிரித்துக்கொண்டே சகித்தவள். அந்த நிமிஷத்தோடு அது முடிந்தது. ஒரு கிழவியின் தலைக்கு மேலிருந்த கூரையைவிட, எல்லாவற்றையும் பத்திரமாக வைப்பவர் என்ற பெயர் இவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

அவரிடம் இன்னொன்றும் சொல்லிப் பார்த்தேன். நம்மிடம் போனால் என்ன, அனுப்பியவர்களிடம் இருக்குமே, கே.எல். தலைமை ஆபீசுக்கு ஒரு ஃபோன் போடுங்கள் என்று. "போட்டா நம்ம ஆபீஸ்ல மெயில் தொலைஞ்சுச்சுன்னு ஊருக்கே தெரியும். நம்ம மானம் என்னாகறது?" என்றார். தலைமை ஆபீசோடு பேசும் உரிமையையும் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, லைன் கிடைக்கும் தேயிலை மேட்டுக்கு ஏறினேன். அனுமதி கேட்கவில்லை.

அங்கே குடியிருப்புகளைப் பார்க்கும் ரோஸ்னா என்ற மலாய்க்கார அம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. நான் காலை மாற்றி நிற்பதற்குள், "ஆடா லா, இதோ இருக்கே" என்றார். "நான் அனுப்பினதுதான். இதுக்காகவா அந்த அம்மாவ அலைய விட்டீங்க? முன்னாடியே கேட்டிருந்தா முன்னாடியே குடுத்திருப்பேன் லா." அவர் அதைத் துரைக்கும் எனக்கும் திரும்ப அனுப்பினார். மெயில் மட்டுமல்ல, அதற்கு எங்கள் ஆபீசிலிருந்து அன்றைக்குப் போன பதிலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் அதை மூன்று பிரதி அச்சடித்தேன். தாள் தீராது என்று தெரிந்திருந்தால் முப்பது அடித்திருப்பேன்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, ஆட்கள் மலைக்கு ஏறுவதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். துரை அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் பேப்பரைக் கொடுத்தார். "வீடு உங்களுக்குத்தாங்க. கடைசி வரைக்கும். நோட்டீஸக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றார். பிறகு கிராணியார் பக்கம் திரும்பினார். "ஐயா, கீழ ஒரு பதில் இருக்கு. உங்க பேருதான் போட்டிருக்கு."

எல்லாருக்கும் கேட்கும்படி அதைப் படித்தார். 'அனுமதி கிடைத்தது. சம்பந்தப்பட்ட பெண்மணிக்குத் தெரிவித்துவிட்டேன். இந்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.'

மனிதருக்கு முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அதற்காகவே தூங்காமல் காத்திருந்தேன் என்றும் சொல்லலாம். கொஞ்சம் கண்ணைச் சிமிட்டினார். அவ்வளவுதான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவின் அருகில் போனார்.

"பாத்தியா அஞ்சலை, நான் அன்னைக்கே சொன்னேன்ல? எல்லாம் பத்திரமா இருக்கும்னு. தேவையில்லாம பயந்த" என்றார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவர் கையை நீட்டினார். "குடு அந்தப் பேப்பர. மழைல நனைஞ்சுரும். நான் உள்ள வைக்கிறேன்."

அஞ்சலை அக்கா நீட்டிய கையைப் பார்த்தார். பேப்பரை நாலாக மடித்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார்.

"வேணாங்கய்யா" என்றார். "இன்னொரு தரம் நீங்க பத்திரமா வச்சீங்கன்னா, நான் ரோட்டுலதான் படுக்கணும்."

பக்கத்து வீட்டில் கொடுத்த கோழிகளைத் திருப்பி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லயத்துப் பாதையில் இறங்கிப் போனார்.